எங்கள் வளவு வீடும் வெள்ளைச் சுவரும்



போன வாரம் எங்கள் பூர்வீக வீட்டில் பால் காய்ச்சிய படங்களைப் போட்டிருந்தேன். வாழ்த்தியவர்கள் பலர். ஆனால் என்னிடம் எட்டாம் வகுப்பு படித்த ஒரு மாணவர், "சார், எங்களுக்குப் பழைய கட்டடங்களைக் காப்பாற்றச் சொல்லிப் பாடம் நடத்தியவர் நீங்கள்தானே? உங்கள் வீட்டையே இப்படி வெறுமையாக்கிவிட்டீர்களே?" என்று கேட்டிருந்தார். பங்காளி ஒருவர் தொலைபேசியில் இதையே கொஞ்சம் காரமாகக் கேட்டார். இருவருக்கும் ஒரே வரியில் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் இந்த நீண்ட பதிவு. பொறுமையாகப் படியுங்கள். தேர்வு எதுவும் கிடையாது.

எங்கள் ஊர் காரைக்குடிப் பக்கம் என்பது உங்களுக்குத் தெரியும். வீட்டின் நிலைக்கு மேலே 1911 என்று சுதையில் பொறித்திருக்கும். கட்டியவர் என் பாட்டையா, அதாவது அப்பச்சியின் ஐயா. (மற்ற ஊர் மாணவர்களுக்காக: எங்கள் வழக்கில் அப்பச்சி என்றால் அப்பா, ஐயா என்றால் தாத்தா, ஆத்தா என்றால் அம்மா.) அவருக்கு மூன்று பிள்ளைகள். அவர்கள் வழியில் பெருகி, இன்றைக்குப் பங்குக் கணக்கில் 11 புள்ளிகள். எங்களில் ஒரு திருமணமான குடும்பம் ஒரு புள்ளி. கோயில் வரியும் அப்படித்தான், வீட்டுப் பங்கும் அப்படித்தான்.

11 புள்ளிகளுக்குச் சொந்தமான வீட்டில் கடைசி 14 வருடங்களாக யாருமே குடியில்லை. வளவைச் சுற்றியிருக்கும் அறைகளில் ஆளுக்கொரு பூட்டு. சாவிகள் சென்னையில் மூன்று, கோவையில் இரண்டு, கோலாலம்பூரில் ஒன்று, மற்றவை எங்கே என்றே தெரியாது. மழை பெய்தால் வளவில் விழ வேண்டிய தண்ணீர் மாடி ஹாலில் விழுந்தது. ஊரில் இப்படிப் பல வீடுகள் இருக்கின்றன. தெருவில் நடந்தால் பூட்டுகளைத்தான் எண்ண வேண்டும்.

முதலில் இந்த வீடுகளின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். பின்னால் வருவதற்கு அது தேவை.

தெருவிலிருந்து ஏறினால் முகப்பு. இரு பக்கமும் திண்ணை. கணக்குப்பிள்ளையும் வந்து போகும் ஆண்களும் உட்காரும் இடம். நிலையைத் தாண்டினால் வளவு. நடுவில் வானம் பார்த்த வாசல், நான்கு புறமும் தூண்கள் நிற்கும் பத்தி, பத்தியை ஒட்டி வரிசையாக அறைகள். திருமணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை. அவர்களது சாமானும் சீரும் அதில்தான் இருக்கும். மகனை 'வேறு வைத்த' பிறகு அவர்களுக்குத் தனி அடுப்பு. கூரை ஒன்று, குடும்பங்கள் பல, கணக்குகள் தனித்தனி. கூட்டுக் குடும்பம் என்று பாடத்தில் படித்தோமே, அதற்குள்ளும் இப்படி ஓர் ஏற்பாட்டை எங்கள் முன்னோர் வைத்திருந்தார்கள். வளவுக்குப் பின்னால் இரண்டாங்கட்டு, பிறகு அடுப்படி, கிணற்றடி. அதோடு வீடு அடுத்த தெருவில் போய் முடியும். முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் இன்னொரு தெருவில்.

இவ்வளவு பெரிய வீடுகளை மழை குறைந்த இந்தச் செம்மண் பூமியில் எந்தப் பணத்தில் கட்டினார்கள்? நிச்சயமாக விவசாயத்தில் அல்ல.

1852-ல் நடந்த இரண்டாம் ஆங்கில–பர்மியப் போரில் கீழ் பர்மா ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்தது. ஐராவதி ஆற்றின் கழிமுகத்தில் காட்டையும் சதுப்பையும் திருத்தி நெல் விளைவித்தால் கப்பலில் ஐரோப்பாவுக்கே அனுப்பலாம் என்ற நிலை வந்தது. காடு திருத்த விவசாயிக்குக் கடன் வேண்டும். ஆங்கிலேய வங்கிகள் பர்மிய விவசாயிக்கு நேரடியாகக் கடன் கொடுக்க முன்வரவில்லை. அந்த இடத்தில்தான் நகரத்தார் போய் உட்கார்ந்தார்கள். 'கொண்டுவிக்கப் போவது' என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாகி, மேலாளாக உயர வேண்டும். மூன்று வருடம் ஒரு கணக்கு. அது முடிந்தால்தான் ஊருக்குத் திரும்பலாம். மனைவி மக்கள் ஊரில், புருஷன் கடல் கடந்து.

பர்மாவில் 1930-ஐ ஒட்டி நடந்த வங்கி விசாரணையில், அங்கே நகரத்தார் கடைகளில் புழங்கிய முதல் சுமார் 75 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டார்கள். அன்றைய 75 கோடி! அந்தப் பணத்தில் ஒரு பகுதி வீடாக ஊருக்கு வந்தது. பர்மாவிலிருந்து தேக்கு. இத்தாலியிலிருந்து சலவைக்கல். பெல்ஜியத்திலிருந்து நிலைக்கண்ணாடியும் வண்ணக் கண்ணாடியும். ஜப்பானிலிருந்து பூப்போட்ட பீங்கான் ஓடு. இங்கிலாந்திலிருந்து இரும்பு உத்திரம். இவற்றோடு உள்ளூர்க் கொத்தனாரின் சுண்ணாம்பு, கடுக்காய், வெல்லம், முட்டை வெள்ளைக்கரு. தரைக்கு ஆத்தங்குடிக் கல். கண்ணாடிப் பலகையின் மேல் சாயக் கலவையை ஊற்றி, மணலும் சிமெண்டும் போட்டு அழுத்தி, தண்ணீரில் ஊற வைத்து, வெயிலில் காய வைத்து எடுப்பது. சூளையில் வைப்பதே இல்லை. கண்ணாடியின் வழவழப்பு அப்படியே கல்லில் இறங்கிவிடும்.

பாட்டையா 1911-ல் கட்டியது கீழ்த்தளம் மட்டும்தான். மாடி ஹாலின் உத்திரத்தில் வேறொரு வருடம் இருக்கிறது: 1928. சுவரில் பச்சையும் சிவப்புமாகச் சுதை வேலை, மேலே சரவிளக்குகள், கைப்பிடிச் சுவரில் துப்பாக்கி ஏந்திய இரண்டு வெள்ளைக்காரச் சிப்பாய்கள், நடுவில் கஜலட்சுமி. நீங்கள் ஊர்த் திருவிழாவுக்கு வந்தபோது வாய் பிளந்து பார்த்ததெல்லாம் இந்த 1928 வேலைதான்.

அடுத்து நடந்ததைப் பாருங்கள். 1929-ல் உலகப் பெருமந்தம் தொடங்கியது. 1930-ல் நெல் விலை சரிந்தது. விவசாயி வட்டி கட்ட முடியவில்லை. கடனுக்கு ஈடாக நிலம் கைக்கு வந்தது. கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் சுமார் 6 சதவீத நிலம் நகரத்தார் வசம் இருந்தது. 1938-ல் அது 25 சதவீதம். கேட்க லாபம் போலத் தோன்றும். உண்மையில் அது நஷ்டம். ரொக்கமாக இருந்த முதல் விற்க முடியாத சேறாக மாறிவிட்டது. நிலத்தை இழந்த பர்மிய விவசாயி எங்களை எப்படிப் பார்த்திருப்பார் என்பதையும் யோசிக்க வேண்டும். எங்கள் வீட்டுத் தூணைத் தடவும்போதெல்லாம் இரண்டு கையெழுத்துகள் எனக்கு நினைவுக்கு வரும். ஒன்று தச்சனுடையது, மற்றொன்று கடன் பத்திரத்தில் கைநாட்டு வைத்த ஒரு பர்மியக் குடியானவனுடையது. இந்த இரண்டாவது கையெழுத்தை நாம் பெருமை பேசும்போது சொல்வதில்லை.

1941 டிசம்பர் 23-ல் ஜப்பானியர் ரங்கூன் மீது குண்டு போட்டார்கள். 1942 மார்ச்சில் நகரம் விழுந்தது. என் ஐயா அதற்கு முன்பே ஒரு கைப்பெட்டியோடு ஊர் வந்து சேர்ந்தார். பெட்டியில் இருந்தது கணக்கு ஏடுகள். 1948-ல் பர்மா விடுதலை பெற்றதும் நிலங்களை நாட்டுடைமையாக்கச் சட்டம் வந்தது. 1963-ல் வங்கிகளும் 1964-ல் கடைகளும் போயின. அந்த ஏடுகளை ஐயா கடைசிவரை துடைத்துத் துடைத்து வைத்தார். அப்பச்சி ஒரு மில்லில் கணக்கு எழுதப் போனார். நான் ஆசிரியர் பயிற்சி முடித்து வாத்தியார் வேலைக்கு வந்தேன். மாடி ஹால் மட்டும் அப்படியே இருந்தது. இரண்டே வருடம் நீடித்த ஒரு செழிப்பின் நினைவாக.

வீட்டைப் பராமரிக்க எங்களில் யாருக்கும் வக்கில்லை. 1970-களில் சுவர்களுக்குப் பச்சை எண்ணெய்ச் சாயம் அடித்தோம். 80-களில் பொரிந்த இடங்களில் சிமெண்ட் பூசினோம். அடுத்து செய்ததை இன்றுவரை என் மாணவர்கள் யாருக்கும் நான் சொன்னதில்லை.

1996-ல் இரண்டாங்கட்டில் இருந்த எட்டுத் தேக்குத் தூண்களையும், மாடியின் நான்கு கதவு நிலைகளையும் ஒரு வியாபாரிக்கு விற்றோம். ஒரு பங்காளிக்கு அவசர மருத்துவச் செலவு, ஓட்டுக் கூரைக்கு அவசர வேலை. பத்திரத்தில் முதல் கையெழுத்து என்னுடையது. தூண்களைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் சிமெண்ட் தூண் வைத்தார்கள். வண்டி கிளம்பும்போது அப்பச்சி திண்ணையில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அதே 1996-ல்தான் சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா திறக்கப்பட்டது. லாரி பேக்கர் வடிவமைத்த வளாகம். செட்டிநாட்டு வீடு ஒன்றைப் பிரித்துக் கொண்டுபோய் அங்கே மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். சில வருடம் கழித்து உங்களில் ஒரு வகுப்பை அங்கே சுற்றுலா அழைத்துப் போனேன், நினைவிருக்கிறதா? அந்த வளவில் நின்றபோது ஒரு மாணவி, "சார், உங்க வீடும் இப்படித்தான் இருக்குமா?" என்று கேட்டாள். "ஆமாம்மா" என்று மட்டும் சொன்னேன். தூண் விற்றதைச் சொல்லவில்லை. பாரம்பரியத்தைக் காக்க வேண்டும் என்று அன்று மாலை பேருந்தில் அரைமணி நேரம் பேசியதும் நானேதான்.

இனி இன்றைய கதைக்கு வருகிறேன்.

என் தம்பி மகன் கணினி வேலையில் இருக்கிறான். மனைவி, இரண்டு பிள்ளைகள். வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று ஆனதும், "பெரியப்பா, எல்லாப் பங்கையும் நான் வாங்கிக்கொள்கிறேன். ஊருக்கே வந்து குடியிருக்கப் போகிறோம்" என்றான். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். ஆனால் அவன் கொண்டுவந்த வரைபடத்தைப் பார்த்ததும் சந்தோஷம் போய்விட்டது. எல்லாம் வெள்ளைச் சுவர். சரவிளக்கு கிடையாது. வண்ணச் சுதை கிடையாது. கூடத்தில் ஒரு நீள மரப்பலகை, ஓர் ஊஞ்சல், அவ்வளவுதான். 'மினிமலிசம்' என்றான். பத்திரத்தில் நான் கையெழுத்துப் போடவில்லை. எட்டு மாதம் போடவில்லை. மற்ற எல்லாரும் போட்டாகிவிட்டது. 2005 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு பிறந்த வீட்டுச் சொத்தில் பெண்களுக்கும் சம உரிமை அல்லவா? எங்கள் ஆச்சியும் பங்குக்காரர். அக்காவான அவர் முதல் ஆளாகப் போட்டுவிட்டார். நான் மட்டும் பாக்கி.

அந்த எட்டு மாதத்தில் வாத்தியார் புத்தி சும்மா இருக்குமா? இந்த வெறுமைச் சுவர் எங்கிருந்து வந்தது என்று படிக்க ஆரம்பித்தேன்.

வியன்னாவில் வாழ்ந்த அடால்ஃப் லூஸ் என்ற கட்டடக் கலைஞர், 1910-ஐ ஒட்டி, அலங்காரம் என்பது உழைப்பையும் பொருளையும் வீணாக்கும் குற்றம் என்று வாதாடினார். எங்கள் பாட்டையா வாஸ்து பார்த்து வானம் தோண்டிய அதே காலம். வீடு என்பது வாழ்வதற்கான இயந்திரம் என்று 1923-ல் எழுதிய லெ கார்பூசியேதான் பிறகு நம் சண்டிகரை வடிவமைத்தார். இதெல்லாம் தூர தேசத்துச் சங்கதி என்று நினைக்காதீர்கள். புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தில் கோல்கொண்டே என்ற விடுதி இருக்கிறது. செக் நாட்டில் பிறந்து ஜப்பானில் பணிபுரிந்த அன்டோனின் ரேமண்ட் வடிவமைத்தது. 1930-களின் இறுதியில் வேலை தொடங்கியது. வெறும் கான்கிரீட், கடப்பைக் கல் தரை, தேக்குச் சட்டங்கள் வைத்த கதவு. சன்னல் கண்ணாடிக்குப் பதில் சுவர் முழுக்கத் திருப்பக்கூடிய கான்கிரீட் பட்டைகள். காற்று உள்ளே வரும், வெயில் வராது. இந்தியாவின் முதல் நவீன கான்கிரீட் கட்டடங்களில் ஒன்று. இங்கே செட்டிநாட்டில் வண்ணக் கண்ணாடி பதித்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், ஒரு நாள் பயணத்தில் போய்ச் சேரும் தூரத்தில், அலங்காரமே இல்லாத ஒரு கட்டடம் எழுந்துகொண்டிருந்தது.

படித்தேன், புரிந்தது. ஆனாலும் மனம் இறங்கவில்லை. அந்த வெறுமை அவர்களுடையது, இந்த வண்ணம் நம்முடையது என்றே தோன்றியது.

என் பிடிவாதத்தை உடைத்தது புத்தகம் அல்ல. இரண்டு சம்பவங்கள்.

முதலாவது, தம்பி மகனின் மனைவி கேட்ட ஒரு கேள்வி. ஒருநாள் என்னோடு வீட்டைச் சுற்றி வந்தாள். முகப்பு, திண்ணை, வளவு, மாடி ஹால் என்று ஒவ்வொன்றையும் நான் வகுப்பு எடுப்பதுபோல விளக்கிக்கொண்டே வந்தேன். கேட்டுக்கொண்டே வந்தவள் அடுப்படியில் நின்று, "பெரிய மாமா, இந்த வீட்டில் பெண்கள் உட்கார இடம் எங்கே?" என்றாள்.

நான் வாயைத் திறந்தேன். பதில் வரவில்லை. திண்ணை ஆண்களுக்கு. முகப்பு கணக்குவழக்குக்கு. ஹால் கல்யாணத்துக்கு வரும் விருந்தினருக்கு. ஆத்தா 40 வருடம் சமைத்த அடுப்படியில் ஒரே ஒரு புகைக்கூண்டு. சுவர் கரி பிடித்துக் கன்னங்கரேல் என்று இருந்தது. மதியம் எல்லாரும் சாப்பிட்ட பிறகு ஆத்தா இரண்டாங்கட்டில் முந்தானையை விரித்து, ஒரு தூணில் தலை சாய்த்துப் படுப்பார். அதுதான் அவர் உட்கார்ந்த இடம். அந்தத் தூணையும் 1996-ல் நான் விற்றுவிட்டேன்.

நான் காப்பாற்ற நினைத்தது யாருடைய வீட்டை? இரண்டு வருடச் செழிப்பில் விருந்தாளிகளுக்குக் கட்டிய ஹாலையா, 40 வருடம் ஆத்தா வேலை செய்த வீட்டையா? அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இரண்டாவது சம்பவம் ஒரு கொத்தனாரால் நடந்தது. மதிப்பீடு போட வந்த அந்தப் பெரியவர், கீழ்த்தளத்தில் பச்சைச் சாயத்தை ஒரு சாண் அகலத்துக்குச் சுரண்டிப் பார்த்தார். உள்ளே வெள்ளை வெளேரென்று, முகம் தெரியும் அளவுக்கு மினுமினுப்பான சுவர். 1911-ன் பழைய முட்டைப் பூச்சு. கிளிஞ்சல் சுண்ணாம்பை நீற்றி, புளிக்க வைத்து, அரைத்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசி, கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து, வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்து எடுத்தது. எங்கேயும் ஒரு பூ இல்லை, கொடி இல்லை. "ஐயா, கீழே பூரா வெள்ளைதான். கலரெல்லாம் மேலேதான், பின்னாடி வந்தது" என்றார்.

அந்தச் சுவரைத் தொட்டுப் பார்த்தேன். சித்திரை மாதத்திலும் குளிர்ந்திருந்தது. பாட்டையாவின் வீடு வெள்ளை வீடு! அதில் நாற்காலி, சோபா கிடையாது. பாய் விரிப்பார்கள், சுருட்டுவார்கள். சாமான் அறைக்குள் சாமான். பத்தியில் ஒன்றும் இருக்காது. காலையில் பெருக்கித் துடைத்தால் வளவு கழுவிய தாம்பாளம் மாதிரி இருக்கும் என்று அப்பத்தா சொல்லக் கேட்டிருக்கிறேன். தம்பி மகன் வெளிநாட்டுப் பெயர் சொல்லிக் கேட்டது, அவனுடைய கொள்ளுப் பாட்டையா குடியிருந்த வீட்டைத்தான். அதற்காக பாட்டையா எளிமையானவர் என்று சொல்ல வரவில்லை. சாமான் அறைக்குள் என்ன இருந்தது என்று அடுத்துச் சொல்கிறேன்.

கையெழுத்துப் போட்டேன். இரண்டு நிபந்தனைகளோடு. ஒன்று, எதையும் இடிப்பதற்கு முன் வீடு முழுவதையும் அளந்து, வரைந்து, படமெடுத்து வைக்க வேண்டும். இரண்டு, வருடாவருடம் முன்னோருக்குப் படைக்கும் அறையையும் வளவையும் பத்திரத்தில் விலக்கி எழுத வேண்டும். படைப்பு நாளில் 11 புள்ளிகளும் கேட்காமல் உள்ளே வரலாம், உலை வைக்கலாம். இரண்டுக்கும் ஒப்புக்கொண்டான்.

முதல் வேலை, அறைகளின் பூட்டைத் திறந்தது. சாவி இல்லாத அறைகளைப் பங்காளிகளை வைத்துக்கொண்டு உடைத்தோம். உள்ளே இருந்ததை நானும் ஆச்சியும் பட்டியல் எழுதினோம். பித்தளை அண்டா 31. எவர்சில்வர் தூக்கு 140-க்கு மேல். ஸ்வீடனிலிருந்து வந்த எனாமல் அடுக்குகள் 64. பிரிக்காத தலையணை உறைகள் ஒரு பெட்டி. எல்லாம் பெண்களுக்கு வந்த சீர். பாதிக்கு மேல் அடுப்பு ஏறாதது. தன் பெயர் வெட்டிய, ஒருமுறைகூடப் புழங்காத குத்துப்போணி ஒன்றை ஆச்சி எடுத்து மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு, "எடுத்துக் கொடுத்திருவோம், யாராச்சும் பொங்கித் தின்னட்டும்" என்றார். பெயர் வெட்டியதில் ஒவ்வொன்றை அந்தந்தக் குடும்பத்துப் பெண்களுக்குக் கொடுத்தோம். பெரிய அண்டாக்கள் கோயிலுக்குப் போயின. அளவோடு வாழ்வது என்றால் சுவருக்கு வெள்ளை அடிப்பது என்று நினைத்திருந்தேன். அந்தப் பட்டியலை எழுதி முடிக்கும்போதுதான் உண்மையான கடினம் எது என்று தெரிந்தது.

அடுத்து சுவர். 80-களில் நாங்கள் பூசிய சிமெண்ட்தான் சுவரை அரித்த முதல் எதிரி என்று கொத்தனார் சொன்னார். செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் ஈரத்தை இழுக்கும், மறுபடி வெளியே விடும். மேலே சிமெண்டையும் எண்ணெய்ச் சாயத்தையும் பூசினால் ஈரம் வெளியே போக வழியில்லை. உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, காரையை மாவாக்கிவிடும். நாங்கள் பாதுகாப்பு என்று செய்தது மூக்கைப் பொத்தியது போல! சிமெண்டைப் பெயர்த்துவிட்டு, சுண்ணாம்பைக் குழியில் நீற்றி, கடுக்காயும் வெல்லமும் ஊற வைத்த தண்ணீர் விட்டுப் பூசினோம். வேலை மெதுவாகத்தான் நடந்தது. ஒரு பூச்சு காயாமல் அடுத்ததற்குப் போக முடியாது. சாயத்துக்கு அடியில் பிழைத்திருந்த பழைய பூச்சைத் தொடவில்லை. புதியதற்கும் பழையதற்கும் வித்தியாசம் தெரிகிறது. தெரியட்டும் என்று விட்டுவிட்டோம்.

அடுப்படியை வளவின் கிழக்குப் பத்திக்குக் கொண்டுவந்தோம். இரண்டு அறைகளை ஒன்றாக்கி, வளவைப் பார்த்த மாதிரி. சமைப்பவர் வானத்தைப் பார்க்கலாம், பிள்ளைகள் விளையாடுவதைப் பார்க்கலாம். மழைநீர் நான்கு கூரையிலிருந்தும் வளவில் விழுந்து பழைய கால்வாய் வழியே ஓடுவதை அப்படியே வைத்தோம். அடைப்பை எடுத்து, ஒரு கிளையைக் கிணற்றுக்குத் திருப்பியது மட்டும் புதிது. ஆத்தங்குடிக் கல் உடைந்த இடத்தில் பூப்போட்டதை அதே மாதிரி தேடவில்லை. வெற்றுச் சிவப்புக் கல் போட்டோம்.

போனவற்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும் அல்லவா? மாடி ஹாலின் மேற்குப் பாதியின் உத்திரங்கள் மக்கிவிட்டதால் இறக்க வேண்டியதாயிற்று. அந்தச் சுவரின் சுதை வேலை அதோடு போயிற்று. படம்தான் மிச்சம். சரவிளக்குகளை விற்று ஓடு மாற்றினான். நான் வேண்டாம் என்று சொன்னேன், கேட்கவில்லை. அதில் எனக்கு இன்னும் வருத்தம்தான். கிழக்குப் பாதி, வண்ணக் கண்ணாடி, கைப்பிடிச் சுவரின் இரண்டு சிப்பாய்கள், கஜலட்சுமி ஆகியவை இருக்கின்றன. படத்தில் தெரியாததற்குக் காரணம் நான் கீழே நின்று எடுத்தது.

செட்டிநாட்டு ஊர்கள் 2014 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. பெருமைதான். ஆனால் ஒரு பட்டியல் ஓட்டுக்கு ஓடு மாற்றாது. காரைக்குடியின் பழம்பொருள் கடைத்தெருவுக்குப் போய்ப் பாருங்கள். தூண், நிலை, கதவு, தொட்டில், அண்டா என்று வீடுகள் துண்டு துண்டாக அடுக்கியிருக்கும். அவற்றில் பெரும்பாலானவை யாரோ கெட்ட எண்ணத்தில் விற்றவை அல்ல. எங்களைப் போல, பங்கு பெருகி, பணம் சுருங்கி, யாரும் குடியிருக்காமல் போனவர்கள் விற்றவை. ஆள் இல்லாத வீட்டை அலங்காரம் காப்பாற்றாது என்பதை என் சொந்தக் கையெழுத்தில் கற்றுக்கொண்டேன்.

கேள்வி கேட்ட மாணவருக்கு: தம்பி, பழைய கட்டடங்களைக் காக்க வேண்டும் என்று சொன்னதை நான் திரும்பப் பெறவில்லை. ஆனால் எதைக் காப்பது என்று அன்று உங்களுக்குச் சொல்லித் தரவில்லை. எனக்கே தெரியாது. அதை இப்போது சேர்த்துக்கொள்ளுங்கள். காரமாகக் கேட்ட பங்காளிக்கு: வரும் படைப்புக்கு வாருங்கள். சாவி தேவையில்லை.

உங்களில் யாருக்காவது இப்படி ஒரு பூட்டிய வீடு இருந்தால், வாத்தியார் சொல்வதாக மூன்று வேலை செய்யுங்கள். வீட்டில் மூத்தவர்கள் இருக்கும்போதே ஒவ்வோர் அறையிலும் யார் என்ன செய்தார்கள் என்று கேட்டு எழுதுங்கள். குறிப்பாகப் பெண்களிடம் கேளுங்கள். எதையும் விற்பதற்கு முன், இடிப்பதற்கு முன் அளந்து படமெடுங்கள். எண்ணெய்ச் சாயம் அடித்த சுவரை ஒரு சாண் சுரண்டிப் பாருங்கள், அடியில் என்ன இருக்கிறதென்று.

பால் காய்ச்சிய அன்று மதியம், சாப்பாடெல்லாம் முடிந்த பிறகு, தம்பி மகனின் மனைவி புது அடுப்படிக்கு வெளியே வளவுத் தூணில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஆச்சி. இருவரும் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் திண்ணைக்குப் போகாமல் அங்கேயே ஓரமாக உட்கார்ந்துகொண்டேன்.

நீளமாகிவிட்டது. கடைசிவரை படித்தவர்களுக்கு முழு மதிப்பெண். எல்லாரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் சமூக அறிவியல் வாத்தியார்